ஸ்விர்ல் பாதியில் நின்றுவிட்டதா? ஆர் மொழி கற்கத் தொடங்குவோருக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

புள்ளியியல் கணக்குகளுக்கான கணினி மொழி ஆர். அதை ஆருக்குள்ளேயே இருந்து கற்றுக்கொள்ள ஸ்விர்ல் என்று ஒரு பேக்கேஜ் (ஆரோடு கூடுதலாகச் சேர்க்கும் தொகுப்பு) உண்டு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் உயிர்ப்புள்ளியியல் துறையில் உருவானது, இலவசம். வீடியோ கிடையாது, தனி வெப்சைட் கிடையாது. கட்டளை தட்டும் இடமான கன்சோலிலேயே கேள்வி கேட்கும், கன்சோலிலேயே பதில் எழுத வேண்டும், சரியா தப்பா என்று அங்கேயே சொல்லிவிடும். முதல் பாடத்தில் முதல் வேலையே 5 + 7 என்று தட்டுவதுதான்.

இவ்வளவு சுலபமாக ஆரம்பித்தும் நிறையப் பேர் முதல் நாளே மூடிவைத்துவிடுகிறார்கள். கேட்டால் "ஏதோ ஹேங் ஆயிடுச்சு" என்பார்கள். பெரும்பாலும் எதுவும் ஹேங் ஆகியிருக்காது. என்ன தெரிகிறது என்பதை வைத்து என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கும் விதமாக இதை எழுதியிருக்கிறேன். உங்கள் திரையில் இருப்பது எந்தத் தலைப்புக்குப் பொருந்துகிறதோ அங்கே போய்ப் பாருங்கள். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில், நான் வேறு சொல்லாதவரை எல்லாமே சின்ன எழுத்தில் தட்டுங்கள். ஆருக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு.

எதற்கும் முன்னால்: வரியின் இடது ஓரம்

ஒரே கன்சோலில் ஆரும் பேசுகிறது, ஸ்விர்லும் பேசுகிறது. இப்போது யார் பேசுகிறார்கள், யார் உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள் என்பது கடைசி வரியின் இடது ஓரத்தில் தெரியும்.

நெட்டுக்கோடு ( | ) இருந்தால் அது ஸ்விர்லின் பேச்சு, படியுங்கள். மூன்று புள்ளி ( ... ) இருந்தால் படித்து முடித்ததும் என்டர் தட்ட வேண்டும், வேறு ஒன்றும் எழுத வேண்டாம். 'செலக்‌ஷன்:' என்று நின்றால் மேலே உள்ள பட்டியலிலிருந்து எண்ணை மட்டும் தட்ட வேண்டும். விடையை வார்த்தையாக எழுதினால் ஏற்காது. > குறி என்றால் ஆர் தயாராக இருக்கிறது, விடையை எழுதலாம். + குறி என்றால் நீங்கள் எழுதியது பாதியில் நிற்கிறது, மீதிக்காக ஆர் காத்திருக்கிறது.

மூன்று புள்ளியைப் பார்த்துவிட்டு "லோட் ஆகிறது போல" என்று சும்மா உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. லோடிங்குக்கு நாம் பழகிய குறி அதுதான், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. என்டர் தட்டுங்கள்.

"ஸ்விர்ல் என்ற ஃபங்ஷன் கிடைக்கவில்லை" என்கிறது

பேக்கேஜை இன்ஸ்டால் செய்தாயிற்று, ஆனால் இந்த முறை அதை லோட் செய்யவில்லை. லைப்ரரி(ஸ்விர்ல்) என்று ஒரு தடவை தட்டிவிட்டு, பிறகு ஸ்விர்ல்() என்று தட்டுங்கள். இன்ஸ்டால் ஒரு தடவைதான். லைப்ரரி மட்டும் ஆரைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் வேண்டும். ஃபங்ஷன் பெயருக்குப் பின்னால் வரும் காலி அடைப்புக்குறியை விட்டுவிட்டால் பாடம் தொடங்காது. அந்த ஃபங்ஷனின் உள்ளே இருக்கும் கோட் அப்படியே திரையில் வந்து விழும். பயப்பட வேண்டாம், அடைப்புக்குறியோடு மறுபடி தட்டுங்கள்.

"ஸ்விர்ல் என்ற பேக்கேஜே இல்லை" என்கிறது

இது இன்ஸ்டாலே ஆகவில்லை என்று அர்த்தம். இன்ஸ்டால்.பேக்கேஜஸ்("ஸ்விர்ல்") என்று தட்டியபோது வந்த செய்திகளை மேலே தள்ளிப் பாருங்கள்.

'அன்எக்ஸ்பெக்டட் இன்புட்' என்று இருந்தால் மேற்கோள் குறியைக் கவனியுங்கள். வாட்ஸ்அப்பிலிருந்தோ வேர்டிலிருந்தோ காப்பி செய்த கட்டளையில் மேற்கோள் குறி வளைந்திருக்கும். ஆருக்கு நேரான குறிதான் தெரியும். அழித்துவிட்டுக் கையால் தட்டுங்கள்.

விண்டோஸில் 'லைப்ரரி ஃபோல்டரில் எழுத அனுமதி இல்லை' என்று சொல்லி, உங்களுக்கென்று தனி லைப்ரரி வேண்டுமா என்று கேட்கும். ஆம் என்று சொல்லிவிடுங்கள். கல்லூரி லேப் கணினிகளில் இது வரலாம், அட்மின் பாஸ்வேர்டு தேடி அலைய வேண்டியதில்லை. 'ஆர்டூல்ஸ் தேவை' என்று வரும் எச்சரிக்கையையும் கண்டுகொள்ளாதீர்கள். விண்டோஸுக்கு ஏற்கெனவே தயார் செய்து வைத்த கோப்புதான் பொதுவாக இறங்கும், அதற்கு ஆர்டூல்ஸ் வேண்டாம்.

உபுண்டு, டெபியன் ஆட்களுக்குக் கதை வேறு. அங்கே பேக்கேஜ்கள் மூலக் கோடிலிருந்து கம்பைல் ஆகும். ஸ்விர்ல் சார்ந்திருக்கும் ஆர்கர்ல், ஹெச்டிடிபிஆர் ஆகியவற்றுக்குச் சில சிஸ்டம் லைப்ரரிகள் வேண்டும். ஐம்பது வரி பிழை ஓடினாலும் காரணம் பெரும்பாலும் இதுதான். ஆரை மூடிவிட்டு, டெர்மினலில் ஆப்ட் வழியாக லிப்கர்ல்4-ஓப்பன்எஸ்எஸ்எல்-டெவ், லிப்எஸ்எஸ்எல்-டெவ் இரண்டையும் போட்டபின் மறுபடி முயலுங்கள். இப்படி ஓடும் பிழையில் கடைசி வரியைவிட முதல் 'எரர்' என்ற வரிதான் முக்கியம். கடைசியில் வருவது "இன்னின்ன பேக்கேஜ் தோற்றது" என்ற அறிவிப்பு மட்டும்தான்.

தொடங்கும்போதே "வொர்க்ஸ்பேஸில் வேரியபிள்கள் இருக்கின்றன" என்கிறது

வொர்க்ஸ்பேஸ் என்பது நீங்கள் பெயர் கொடுத்து வைத்த மதிப்புகள் (வேரியபிள்கள்) இருக்கும் இடம். போன தடவை ஆரை மூடும்போது எல்லாவற்றையும் சேமித்து வைத்திருக்கிறீர்கள். அந்தப் பழைய எக்ஸ், ஒய் எல்லாம் பாடத்தின் எக்ஸ், ஒய்யோடு முட்டிக்கொள்ளும் என்பதால் சுத்தம் செய்யச் சொல்கிறது. ஆர்எம்(லிஸ்ட் = எல்எஸ்()) என்று தட்டினால் போய்விடும். ஆனால் உங்கள் புராஜெக்ட் வேலை அதற்குள் இருந்தால் அதுவும் சேர்ந்தே போகும். முதலில் எல்எஸ்() என்று மட்டும் தட்டி என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

இது ஒவ்வொரு நாளும் தொல்லை செய்தால், ஆர் எழுதப் பலரும் பயன்படுத்தும் ஆர்ஸ்டூடியோ மென்பொருளில் டூல்ஸ், குளோபல் ஆப்ஷன்ஸ், ஜெனரல் என்று போய், தொடங்கும்போது பழைய வொர்க்ஸ்பேஸை மீட்கும் டிக்கை எடுத்துவிட்டு, மூடும்போது சேமிப்பதை 'நெவர்' என்று வையுங்கள். ஸ்விர்லை விட்ட பிறகும் இந்த ஒரு மாற்றம் உங்களுக்கு உதவும்.

கோர்ஸ் இறங்க மறுக்கிறது

முதல் தடவை எந்தக் கோர்ஸ் வேண்டும் என்று ஸ்விர்ல் பட்டியல் காட்டும். ஆர் புரோகிராமிங் என்பதைத் தேர்ந்தெடுங்கள். மொத்தம் 15 பாடம். அது இணையத்திலிருந்து இறங்க வேண்டும். லேப்பில் பிராக்ஸி இருந்தாலோ, மொபைல் ஹாட்ஸ்பாட் இழுத்தடித்தாலோ பாதியில் தோற்கும்.

இரண்டு மூன்று தடவை தோற்றால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள். கோடுகளைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஸ்விர்ல் குழு வைத்திருக்கும் ஸ்விர்ல்_கோர்ஸஸ் என்ற தொகுப்பை வேறு எங்காவது ஜிப் கோப்பாக இறக்கி, பென் டிரைவில் கொண்டுவாருங்கள். பிறகு ஸ்விர்லைத் தொடங்காமல், லைப்ரரியை மட்டும் லோட் செய்துவிட்டு இப்படித் தட்டுங்கள்:

இன்ஸ்டால்_கோர்ஸ்_ஜிப்(ஃபைல்.சூஸ்(), மல்டி = ட்ரூ, விச்_கோர்ஸ் = "ஆர் புரோகிராமிங்")

இதில் ட்ரூ முழுக்கப் பெரிய எழுத்து. கோர்ஸ் பெயரில் ஆர் என்பதும் புரோகிராமிங்கின் முதல் எழுத்தும் பெரியவை, நடுவில் ஒரு இடைவெளி. கோப்பைத் தேர்ந்தெடுக்க ஜன்னல் ஒன்று திறக்கும், ஜிப்பைக் காட்டிவிட்டால் முடிந்தது.

பாதையைக் கையால் தட்டாமல் ஃபைல்.சூஸ்() போட்டதற்குக் காரணம் உண்டு. விண்டோஸில் சி டிரைவின் யூசர்ஸ் ஃபோல்டர் பாதையைக் காப்பி செய்து மேற்கோளுக்குள் ஒட்டினால், '\யு என்பதற்குப் பின் ஹெக்ஸ் இலக்கம் இல்லை' என்று புரியாத பிழை ஒன்று வரும். ஆருக்குப் பின்சாய்கோடு ஒரு சிறப்புக் குறி, அடுத்து வரும் யு எழுத்தோடு சேர்த்து யூனிகோட் எண் என்று நினைத்துக்கொள்கிறது. எல்லாப் பின்சாய்கோட்டையும் முன்சாய்கோடாக ( / ) மாற்றினாலும் சரியாகிவிடும்.

விடை எழுதினேன், சிவப்பில் ஏதோ வந்தது, அப்புறம் ஸ்விர்ல் வாயே திறக்கவில்லை

ஸ்விர்லை விட்டு ஓடுபவர்களில் பலர் ஓடுவது இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

தப்பான விடை எழுதினால் ஸ்விர்ல் "கிட்டத்தட்ட வந்துவிட்டீர்கள், மறுபடி முயலுங்கள்" என்கிற மாதிரி ஏதாவது சொல்லும், கூடவே ஒரு குறிப்பும் தரும். ஆனால் நீங்கள் எழுதிய வரி ஆரிலேயே பிழையாகிவிட்டால், ஸ்விர்ல் ஒரு வார்த்தைகூடப் பேசாது. சிவப்பு எழுத்தில் எரர், அதற்குக் கீழே வெறும் > குறி, அவ்வளவுதான். கேள்வி போய்விட்டதா, பாடம் முடிந்துவிட்டதா என்றே தெரியாது.

ஸ்விர்ல் வேலை செய்யும் விதம் இதற்குக் காரணம். நீங்கள் தட்டும் ஒவ்வொரு வரியும் ஆரில் ஓடி முடிந்ததும் "என்னைக் கூப்பிடு" என்று ஆரிடம் சொல்லி வைத்திருக்கிறது ஸ்விர்ல். ஆரின் ஏற்பாட்டில் அந்த அழைப்பு, வரி வெற்றிகரமாக முடிந்தால்தான் போகும். பிழையோடு முடிந்த வரியைப் பற்றி ஸ்விர்லுக்குத் தகவலே வராது. நீங்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அது நினைத்துக்கொண்டிருக்கும்.

ஆகவே செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஆர் சொன்ன எரரைப் படித்து, வரியைத் திருத்தி, அதே > குறியில் மறுபடி தட்டுவது. மேல் அம்புக்குறியை அழுத்தினால் முந்தைய வரி திரும்ப வரும், முழுக்கத் தட்ட வேண்டாம். ஸ்விர்லை மூடி மறுபடி திறக்கத் தேவையே இல்லை. கேள்வி மறந்துபோனால் கன்சோலை மேலே தள்ளிப் பாருங்கள், அங்கேயே இருக்கும்.

முதல் பாடத்தில் அடிக்கடி வரும் பிழை ஒன்று. எக்ஸில் 5 + 7ஐப் போட்டு வைக்கச் சொல்கிறது பாடம். அதற்கான அம்பு < குறியும் - குறியும் ஒட்டி வருவது. நடுவில் ஓர் இடைவெளி விழுந்துவிட்டால் அது அம்பு இல்லை, "எக்ஸ் என்பது மைனஸ் 5 + 7ஐவிடச் சின்னதா?" என்ற கேள்வி. எக்ஸ் இன்னும் உருவாகவே இல்லை என்பதால் 'எக்ஸ் என்ற ஆப்ஜெக்ட் கிடைக்கவில்லை' என்று எரர் வரும், ஸ்விர்ல் மௌனமாகிவிடும். எக்ஸ் ஏற்கெனவே இருந்தால் எரர்கூட வராது, ட்ரூ அல்லது ஃபால்ஸ் என்று விடை வந்து, பின்னாலேயே ஸ்விர்ல் தப்பு என்று சொல்லும். ஒரே இடைவெளிதான், இரண்டு விதமாகக் குழப்பும். ஆர்ஸ்டூடியோவில் ஆல்ட்டோடு மைனஸ் விசையை அழுத்தினால் அம்பு சரியாக விழும்.

எரரும் இல்லை, பேச்சும் இல்லை

இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஆர்ஸ்டூடியோவில் மேலே இருக்கும் ஸ்கிரிப்ட் ஜன்னலில் தட்டி என்டர் அடித்திருப்பீர்கள். அங்கே என்டர் அடித்தால் அடுத்த வரிக்குத்தான் போகும், எதுவும் ஓடாது. கீழே கன்சோலில் கிளிக் செய்துவிட்டுத் தட்டுங்கள்.

இன்னொன்று, எப்போதோ பிளே() என்று தட்டியிருப்பீர்கள். சொந்தமாகச் சோதித்துப் பார்க்க ஸ்விர்லை ஒதுங்கி நிற்கச் சொல்லும் கட்டளை அது, ரொம்ப உபயோகமானது. ஆனால் திரும்பக் கூப்பிடும்வரை அது வராது. கூப்பிடும் கட்டளை என், எக்ஸ், டி என்ற மூன்றே எழுத்து, பின்னால் காலி அடைப்புக்குறி. இடையில் 'ஈ' கிடையாது. வழக்கமான நெக்ஸ்ட் என்ற சொல்லை முழுக்கத் தட்டினால் வேலைக்காகாது, அது ஆரில் ஏற்கெனவே வேறு வேலைக்கு வைத்திருக்கும் சொல்.

+ குறி வந்தது, என்ன தட்டினாலும் + தான்

அடைப்புக்குறியோ மேற்கோளோ மூடாமல் விட்டிருக்கிறீர்கள். விடுபட்டதைத் தட்டி மூடலாம். எது என்று தெரியாவிட்டால் எஸ்கேப் விசையை ஒருமுறை அழுத்துங்கள், > குறி திரும்பிவிடும். டெர்மினலில் ஆர் ஓட்டுகிறவர்களுக்குக் கன்ட்ரோலும் சியும்.

கவனம்: + குறியிலோ > குறியிலோ எஸ்கேப் அழுத்தினால் தட்டிக்கொண்டிருந்த வரி மட்டும்தான் ரத்தாகும். மூன்று புள்ளியிலோ 'செலக்‌ஷன்:' வரியிலோ அழுத்தினால் ஸ்விர்லைவிட்டே வெளியே வந்துவிடுவீர்கள். வெளியே வந்துவிட்டாலும் நஷ்டமில்லை, ஸ்விர்ல்() என்று தட்டித் தொடரலாம்.

விடை சரி, ஆனாலும் தப்பு என்கிறது

பல கேள்விகளில் ஸ்விர்ல் விடையின் மதிப்பை மட்டும் பார்ப்பதில்லை. நீங்கள் எழுதிய வரி தான் எதிர்பார்க்கும் வரிதானா என்று பார்க்கிறது. ஐந்தும் ஏழும் கூட்டினால் 12தான், ஆனால் 5 + 7 என்று எழுதச் சொன்ன இடத்தில் 12 என்று எழுதினால் ஏற்காது. வேரியபிள் பெயரைப் பாடம் சொன்னபடியே வையுங்கள், எண்களைச் சொன்ன வரிசையில் எழுதுங்கள், ஒதுக்கிவைக்க அம்பையே பயன்படுத்துங்கள். உங்கள் வழி நல்ல வழியாகவே இருக்கலாம். அதைப் பிளே()யில் செய்து பார்த்துக்கொள்ளுங்கள்; பரீட்சை எழுதும் இடத்தில் வேண்டாம்.

அதற்கும் மசியவில்லை என்றால் ஸ்கிப்(). அது வெறுமனே தாண்டிப் போகாது, சரியான விடையைத் தானே தட்டிக் காட்டிவிட்டுத்தான் போகும். உங்களுடையதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது, வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஸ்கிரிப்டைத் திருத்தியும் பழைய தப்பையே சொல்கிறது

ஒன்பதாவது பாடமான ஃபங்ஷன்ஸில் இது ஆரம்பிக்கும். அங்கே சில கேள்விகளுக்குக் கன்சோலில் பதில் எழுத முடியாது. ஸ்விர்ல் ஒரு கோப்பைத் திறந்து தரும், அதைத் திருத்தி, சேமித்து, பிறகு கன்சோலில் சப்மிட்() என்று தட்ட வேண்டும். சேமிக்காமல் சப்மிட் செய்தால் வட்டில் இருக்கும் பழைய கோப்பைத்தான் படிக்கும். ஆர்ஸ்டூடியோவில் டேபின் பெயர் சிவப்பாகவும் பக்கத்தில் நட்சத்திரக் குறியோடும் இருந்தால் இன்னும் சேமிக்கவில்லை. கோப்பின் பெயரையும் இடத்தையும் மாற்றிச் சேமிக்காதீர்கள். திருத்தித் திருத்திக் குழம்பிப்போனால் ரீசெட்() போட்டால் ஸ்கிரிப்ட் முதலில் இருந்த நிலைக்கு வந்துவிடும்.

நேற்று பாதி முடித்தேன், இன்று முதலிலிருந்து கேட்கிறது

தொடங்கும்போது உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று கேட்கிறதே, அது மரியாதைக்குக் கேட்பது இல்லை. அந்தப் பெயரில்தான் உங்கள் கணக்கு இருக்கிறது. நேற்று இனிஷியலோடு கொடுத்துவிட்டு இன்று வெறும் பெயர் கொடுத்தால் நீங்கள் புது ஆள். பை() தட்டி வெளியேறி, நேற்றைய எழுத்துக்கூட்டலிலேயே உள்ளே வாருங்கள். பாதியில் நிற்கும் பாடத்தைத் தொடரலாமா என்று தானே கேட்கும்.

முன்னேற்றம் அந்தக் கணினியிலேயே இருக்கும், இணையத்தில் சேராது. லேப்பில் வேறு சிஸ்டத்தில் உட்கார்ந்தால் அங்கே நீங்கள் புதியவர்தான். கோர்ஸ் நடுவில் ஆரின் பதிப்பை மாற்றுவதையும் தள்ளிப்போடுங்கள்; புதிய பதிப்புக்குப் பேக்கேஜ் ஃபோல்டரே வேறாக இருக்கும்.

பாடத்துக்குப் பாடம் வரும் சில்லறைத் தொல்லைகள்

முதல் பாடத்தில் நான்கு எண்ணையும் மூன்று எண்ணையும் கூட்டச் சொல்லும்போது 'வார்னிங்' வரும். அது வேண்டுமென்றே வரவழைப்பது. (1, 2, 3, 4) உடன் (0, 10, 100) கூட்டினால் சின்னது சுற்றி வந்து முதலிலிருந்து சேரும், விடை 1, 12, 103, 4. வார்னிங் என்பது எச்சரிக்கை, எரர் என்பது பிழை. எச்சரிக்கை வந்தாலும் வரி ஓடி முடிந்துவிட்டது, ஸ்விர்லும் பேசும்.

இரண்டாவது பாடம் டெஸ்ட்டிர் என்ற ஃபோல்டரை உருவாக்கச் சொல்லும். பாதியில் விட்டு மறுபடி செய்தால் 'ஏற்கெனவே இருக்கிறது' என்ற எச்சரிக்கை வரும், பரவாயில்லை. எந்த ஃபோல்டரில் நிற்கிறீர்கள் என்று சந்தேகம் வந்தால் கெட்டபிள்யூடி() சொல்லும்.

பன்னிரண்டாவது பாடத்தில் 'ஃபேக்டர்' (வகைகளாகப் பிரித்த தரவு) என்று பாடம் சொல்வது உங்கள் திரையில் 'கேரக்டர்' (வெறும் எழுத்து) என்று தெரிந்தால் நீங்கள் எதையும் கெடுக்கவில்லை. 2020இல் வந்த ஆர் 4.0.0 பதிப்பில், எழுத்தாக இருக்கும் நெடுவரிசையைத் தானாக ஃபேக்டராக மாற்றும் பழைய வழக்கத்தை நிறுத்திவிட்டார்கள்.

பதினான்காவது பாடம் தேதியும் நேரமும். லினக்ஸைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதிய அக்டோபர் 17, 1986 என்ற தேதியைப் படிக்கச் சொன்னால் என்ஏ (மதிப்பு இல்லை) என்று வரும். கட்டளை சரியாகத்தான் இருக்கும்; ஆர் மாதப் பெயரைக் கணினியின் மொழியில் எதிர்பார்க்கிறது, தமிழ் அக்டோபரைத் தேடுகிறது. சிஸ்.செட்லொகேல்("எல்சி_டைம்", "சி") என்று தட்டினால் சரியாகும். இதில் சிஸ்ஸின் முதல் எழுத்தும், மேற்கோளுக்குள் இருப்பவை முழுவதும் பெரிய எழுத்து.

கடைசிப் பாடமான பேஸ் கிராஃபிக்ஸில் 'ஃபிகர் மார்ஜின்ஸ் டூ லார்ஜ்' என்ற எரர் வந்தால் கோடில் தப்பு தேடாதீர்கள். ஆர்ஸ்டூடியோவின் வலது கீழ் மூலையில் படம் வரும் பலகம் சுருங்கிக் கிடக்கிறது, படம் வரைய இடமில்லை. ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்கிவிட்டு அதே வரியை மறுபடி ஓட்டுங்கள். இது எரர் என்பதால் இங்கும் ஸ்விர்ல் மௌனம்தான்.

பாடம் முடிந்ததும் கோர்ஸெரா கணக்கு கேட்கிறது

இணைய வகுப்புத் தளமான கோர்ஸெராவில் இந்தக் கோர்ஸோடு சேர்ந்த வகுப்பில் நீங்கள் பதிவு செய்திருந்தால் மட்டும் ஆம். மற்றவர்கள் 'நோ' என்பதன் எதிரே இருக்கும் எண்ணைத் தட்டுங்கள். தெரியாமல் ஆம் சொல்லிவிட்டு மின்னஞ்சலும் டோக்கனும் கேட்கும் இடத்தில் மாட்டிக்கொண்டால் எஸ்கேப் போதும். மெனு வந்தால் அடுத்த பாடத்தின் எண்ணைத் தட்டலாம், இன்றைக்குப் போதும் என்றால் 0.